கண்டியில் சைக்கிள் பாதை போட்டால் யாருக்கு?

தலாத்துஓயா தம்பி:
டவுனுக்குள் சைக்கிள் பாதை வேண்டும் என்று பேசுகிறவர்கள் எல்லாரும் ஏரியைச் சுற்றித்தான் கோடு போடுகிறார்கள். சமதரை, மர நிழல், படத்துக்கும் அழகு. சரி, விடியற்காலையில் மஹியாவ, கட்டுகஸ்தோட்டை பக்கமிருந்து வேலைக்கு வருகிறவர்களும், ஹந்தானைத் தோட்டத்திலிருந்து கடை வேலைக்கு இறங்குகிற பையன்களும் அந்தப் பாதையில் எங்கே வரப்போகிறார்கள்? மலை ஊரில் இதை நியாயமாகச் செய்ய வழி இருக்கிறதா?

லயத்துக்காரன்:
தம்பி, எல்லாரும் ஏறுவதைப் பற்றியே கேட்கிறார்கள், எனக்குப் பயம் இறங்கும்போதுதான். மழையில் பிரேக் றப்பர் நனைந்தால் பிடிக்காது, பின்னால் வேன்காரன் ஹார்ன் அடிப்பான், ஒதுங்கினால் தண்ணீர் ஓடுகிற திறந்த கான். ஏறும்போது எப்படியும் தள்ளல்தான், கியர் இல்லாத லுமாலா சைக்கிளில் வேறென்ன செய்ய? 2022இல் பெற்றோல் இல்லாதபோது சைக்கிள் விலை ஏறிய ஏற்றத்தில் அதையும் கடன் பட்டுத்தான் வாங்கினேன். டவுனில் பூட்டி வைக்க ஓர் இடம் கொடுத்தால் முதலில் அதுவே போதும்.

பேராதனை அக்கா:
கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவைக் காட்டி நம்மாலும் முடியும் என்பார்கள். அது 2,600 மீற்றர் உயரத்தில் இருந்தாலும் ஊரின் பெரும்பகுதி சமவெளி. 1974இலிருந்து ஞாயிறுகளில் வீதியை மூடிச் சைக்கிளுக்கு விடுகிறார்கள். ஏழைகள் நிறையப் பேர் சரிவில் குடியிருக்கும் சியுடாட் பொலிவாருக்கு 2018இல் கேபிள் கார்தான் போட்டார்கள். நமக்கு அந்த அளவுக்குப் பணம் இல்லை. வீதி ஒடுக்கமானால் ஏறும் பக்கத்துக்கு மட்டும் பாதை விடுவது பல ஊர்களில் வழக்கம், ஏறுகிறவன் மெதுவாகப் போவதால் வாகனங்களுக்கு இடையில் அவனுக்குத்தான் இடம் தேவை.

லயத்துக்காரன்:
அக்கா, நான் ஏறும்போது நடக்கிறவன் என்று இப்போதுதானே சொன்னேன்?

பேராதனை அக்கா:
தள்ளிக்கொண்டு போகவும் ஓரம் வேண்டுமே தம்பி. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளும் அதிலேயே நடக்கலாம்.

மஹியாவ பொண்ணு:
எங்கள் வீட்டில் இருக்கிற ஒரே சைக்கிள் அண்ணனுடையது. யாழ்ப்பாணத்தில் பெண்கள் சைக்கிளில் வேலைக்குப் போவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, இங்கே நான் ஏறினால் வீதியே பார்க்கும். பாதை போடுகிறவர்கள் எங்களையும் கூப்பிட்டுக் கேட்பார்களா?

லயத்துக்காரன்:
கேட்க மாட்டார்கள், நாமாகப் போய்த்தான் சொல்ல வேண்டும் தங்கச்சி. அகலம் இல்லை என்று சாக்குச் சொன்னால் கானை சிலாப் போட்டு மூடச் சொல்லுங்கள், ஓரம் தானாகக் கிடைக்கும். சிலாப்புகளுக்கு நடுவில் விடும் இடைவெளி மட்டும் வீதிக்குக் குறுக்காக வரட்டும், நீளவாக்கில் விட்டால் டயர் மாட்டிக்கொள்ளும்.