மறு: 'பர்ன்' என்பதற்குத் தமிழில் என்ன? எரியா, சுடுவா, பொறியா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு வாரமாக இந்த இழையைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன், வாயைத் திறக்கவில்லை. சிடி, டிவிடியில் கோப்புகளை ஏற்றும் லினக்ஸ் மென்பொருளான கே3பியின் மொழிபெயர்ப்புக் கோப்பு என்னிடம் பாதியில் கிடக்கிறது. அப்படி ஏற்றுவதைத்தான் ஆங்கிலத்தில் 'பர்ன்' என்கிறார்கள். பொத்தானில், பட்டியில், பிழைச்செய்தியில், உதவிக் குறிப்பில் என்று எங்கே தொட்டாலும் 'பர்ன்', 'பர்ன்', 'பர்ன்'தான், இந்த ஒரு சொல் முடிவானால்தான் மற்றதெல்லாம் நகரும். அதனால் மொத்தமாக ஒரே மடலில் கொட்டிவிடுகிறேன், நீளத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

> இந்தக் காலத்தில் யார் சார் சிடி போடுகிறார்கள்? பென்டிரைவ் வந்து எத்தனை வருஷம் ஆச்சு. வேறு சொல்லைப் பார்க்கலாமே.

தம்பி, ஒரு தடவை எம்ஆர்ஐ எடுக்கப் போய்ப் பாருங்கள். படத்தோடு உறைக்குள் ஒரு வட்டையும் சொருகித் தரும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. பழையபடி இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பென்டிரைவுக்குமே இந்தச் சொல் தேவைப்படும், அதைக் கீழே சொல்கிறேன்.

> 'பர்ன்' என்றால் எரித்தல்தானே, 'வட்டை எரி' என்று போட்டுவிட்டுப் போவோம். ஜெர்மன்காரர்கள் அப்படியே 'ப்ரென்னன்' என்றுதான் வைத்திருக்கிறார்கள்.

வைத்திருக்கிறார்கள், உண்மை. டச்சுக்காரர்களும் எரிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் பிரெஞ்சில் 'க்ராவே', அதாவது செதுக்குவது. சீனத்திலும் செதுக்குவதையும் பதிவதையும் சேர்த்துத்தான் சொல் கட்டியிருக்கிறார்கள். இத்தாலியில் மூலப்பிரதி ஆக்குவது என்ற பொருளில் 'மாஸ்தெரிட்சாரே'. அவரவர் கண்ணுக்கு எது பட்டதோ அதை எடுத்துக்கொண்டார்கள், நாம் மட்டும் ஏன் ஆங்கிலத்தின் நெருப்பை அப்படியே வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்? அவர்கள் அதில் நன்றாக விளையாடினார்கள், அதை மறுக்கவில்லை. ரோம் எரிந்த கதையை வைத்து 'நீரோ பர்னிங் ரோம்' என்று ஒரு மென்பொருளுக்கே பெயர், சின்னத்தில் பற்றி எரியும் கொலோசியம். லினக்ஸின் க்னோம் திரைச்சூழலில் இதே வேலைக்கான மென்பொருள் 'பிரசேரோ', அது ஸ்பானிய மொழியில் கணப்புச்சட்டி. நம் ஊரில் 'வட்டை எரி' என்று ஒரு பொத்தான் இருந்தால் போகிப் பண்டிகைதான் நினைவுக்கு வரும்.

'சுடு' இன்னும் மோசம். 'என் சிடியைச் சுட்டுட்டான்' என்றால் என்ன அர்த்தம் என்று சின்னப் பையனுக்கும் தெரியும். திருட்டு விசிடியை அடக்கமுடியாமல் 2004இல் குண்டர் சட்டத்திலேயே வீடியோ திருடர்களைச் சேர்த்த மாநிலம் இது, இங்கே போய் 'வட்டைச் சுடவும்' என்று பொத்தான் வைத்தால் சிரிப்பார்கள். ஔவைப் பாட்டியிடம் முருகன் கேட்ட மாதிரி, சுட்ட சிடி வேண்டுமா சுடாத சிடி வேண்டுமா என்று வேண்டுமானால் கேட்டுக்கொள்ளலாம்.

அதோடு, உள்ளே உண்மையில் எதுவும் எரிவதில்லை. ஒருமுறை மட்டும் எழுதும் சிடியில், 1.2 மில்லிமீட்டர் தடிமனான பாலிகார்பனேட் தட்டின் மேல் ஒரு மெல்லிய கரிமச் சாயம், அதற்கு மேல் பளபளக்கும் உலோகப் பூச்சு. 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரின் சக்தியைக் கூட்டிச் சாயத்தைச் சூடாக்கினால் அந்தப் புள்ளி மாறிப்போய் ஒளியை முன்போலத் திருப்பி அனுப்பாது. அவ்வளவுதான், புகையும் இல்லை சாம்பலும் இல்லை. அழித்து அழித்து எழுதக்கூடிய ஆர்டபிள்யூ வகையில் சாயமே கிடையாது. வெள்ளி, இண்டியம், ஆன்டிமனி, டெலூரியம் சேர்ந்த கலவை அது, லேசர் உருக்கிச் சட்டென்று குளிரவிட்டால் ஒழுங்கற்று உறைந்துபோகும், மிதமாகச் சூடேற்றினால் மறுபடி படிகமாகிப் பழைய நிலைக்கு வந்துவிடும். இப்படி ஏறத்தாழ 1000 தடவை செய்யலாம். எரிந்துபோன ஒன்றை 1000 தடவை எப்படி ஐயா மறுபடி எரிப்பது?

> 'பொறி' இருக்கும்போது வேறெதற்கு? கரிகாலன் இமயத்தில் புலி பொறித்தான், நாம் வட்டில் கோப்பு பொறிப்போம்.

இதை எழுதியவர் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். தீப்பொறியும் பொறி, கல்லில் வெட்டுவதும் பொறித்தல், இயந்திரமும் பொறி. சூடு, செதுக்கல், கருவி மூன்றும் ஒரே சொல்லில் வந்து உட்கார்ந்தால் யாருக்குத்தான் ஆசை வராது? நானே சில வருடம் இதற்குக் கொடி பிடித்தவன். ஒரு கல்லூரியில் லினக்ஸ் நிறுவல் பட்டறை நடத்தியபோது 'குறுந்தகட்டைப் பொறிக்கவும்' என்று துண்டறிக்கை எழுதிக் கொடுத்தேன், அச்சாகி வந்தபோது அது 'பொரிக்கவும்' ஆகியிருந்தது. அப்பளம் மாதிரி எண்ணெயில் போடணுமா சார் என்று முதல் வரிசையிலிருந்தே கேள்வி வந்தது. அச்சுக் கோத்தவரைச் சொல்லிக் குற்றமில்லை, பேச்சில் நமக்கு இரண்டும் ஒரே ஒலிதானே. அன்றைக்கே எனக்கு அந்தச் சொல்லின்மேல் இருந்த பிடிப்பு பாதி போய்விட்டது. மீதிப் பாதி ஆர்டபிள்யூ வட்டில் போயிற்று. பொறித்தது என்றால் நிற்க வேண்டும். நேற்று பொறித்ததை இன்று அழித்து நாளை மறுபடி பொறி என்பது காதில் ஒட்டவே இல்லை.

'பதி' பற்றி ஒரே வரி: பதிவுசெய் ஏற்கெனவே பெயர் பதிவதற்கும் ஒலி பதிவதற்கும் வலைப்பதிவுக்கும் சேர்த்துச் சுமக்கிறது, இன்னொரு மூட்டையை ஏற்றவேண்டாம்.

என் வாக்கு 'எழுது'வுக்கு. இதில் கலைச்சொல் ஆக்கும் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை, ஊர் ஏற்கெனவே தேர்ந்தெடுத்துவிட்டது. கணினிச் சாமான் வாங்கச் சென்னை ரிச்சி தெருவில் நான் அலைந்த காலத்தில் 'சிடி ரைட்டர் என்ன விலை' என்றுதான் கேட்போம், 'பர்னர்' என்று ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை. குச்சியில் கோத்த 50 வட்டு டப்பாவை வாங்கிக்கொண்டு ப்ரவுசிங் சென்டருக்குப் போனால் 'பாட்டு ரைட் பண்ணணுமா, டேட்டாவா' என்பார்கள். 'சிடில போட்டுக் குடுங்க' என்பதும் உண்டு, ஆனால் 'போடு' என்றால் வட்டைப் பெட்டிக்குள் போடுவதும் போடுதான், படத்தை ஓடவிடுவதும் போடுதான், பொத்தானுக்கு ஆகாது. இன்னொன்றும் கவனியுங்கள், வட்டின் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்து ஆர், அல்லது ஆர்டபிள்யூ. பதிவு செய்யலாம், திரும்ப எழுதலாம் என்பதுதான் அதற்கு அர்த்தம். 'பர்ன்' என்பதற்கான 'பி' எங்கேயும் கிடையாது. சிடி எழுத லினக்ஸின் கட்டளைத் திரையில் அடிக்கும் பழைய கட்டளையும் சிடிரெக்கார்ட்தான். 'பர்ன்' ஆங்கிலத்திலேயே பேச்சுவழக்குத்தான், நாம்தான் அதை ஏதோ அறிவியல் சொல் என்று நினைத்து மல்லுக்கட்டுகிறோம்.

'எழுது' மை தொட்டு எழுதுவதற்கு மட்டும் உரிய சொல் என்று ஒருவர் சொல்லியிருந்தார். ஓலையில் எழுத்தாணியால் கீறியதை நம் ஆட்கள் எழுதுவது என்றே சொன்னார்கள், மை பிறகுதான், கீறலுக்குள் கரியைத் தடவி. ஓவியமும் எழுதுவதுதான். லேசரால் கீறுவதை மட்டும் அந்தச் சொல் தாங்காதா?

> சரி, ஆனால் 'வட்டில் எழுது' என்றால் மார்க்கர் பேனாவால் மேலே எழுதுவது என்று நினைப்பார்களே?

நினைப்பார்கள். என் பெரியப்பாவே நினைத்தார். தொலைபேசியில் 'எழுதியாச்சா' என்று கேட்டேன், 'ஆச்சுப்பா, கொட்டையா எழுதியிருக்கேன்' என்றார். நீல மார்க்கரில் பேரன் பெயர், தேதி எல்லாம் இருந்தது, உள்ளே ஒரு கோப்பும் இல்லை. போதாக்குறைக்கு எங்கள் பக்கம் வட்டில் என்றால் சோறு தின்னும் தட்டு. அதனால் சாளரத்தின் தலைப்பில் எதை எழுதுகிறோம் என்பதையும் சேர்த்து 'கோப்புகளை வட்டில் எழுதுதல்' என்று முழுசாகப் போட்டுவிட்டு, பொத்தானில் மட்டும் 'எழுது' என்று விட்டால் போதும். என்ன செய்கிறோம் என்பது தலைப்பிலேயே தெரிந்துவிடும்.

இப்போது பென்டிரைவ். லினக்ஸ் நிறுவக் கோப்பைப் பென்டிரைவில் ஏற்றுவதையும் ஆங்கிலத்தில் பலர் பழக்கத்தில் 'பர்ன்' என்றே சொல்கிறார்கள். அங்கே லேசரும் இல்லை, சாயமும் இல்லை. எரி, சுடு இரண்டும் அங்கே அர்த்தமற்றுப்போகும், பென்டிரைவை விரலி என்று வைத்துக்கொண்டால் 'விரலியில் எழுது' என்பது உறுத்தாமல் நிற்கும். பென்டிரைவில் அப்படி எழுதும் எட்சர் என்ற மென்பொருளின் பெயர் கிட்டத்தட்ட நம் 'பொறி'தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அந்த அணி ஆறுதல் அடையட்டும்.

எழுதும் கருவிக்கும் மென்பொருளுக்கும் செயலி, உலாவி வரிசையில் 'வட்டெழுதி' என்று வைக்கலாம். வட்டெழுத்தோடு குழம்பும் என்று கல்வெட்டு படித்த நண்பர் கட்டாயம் சண்டைக்கு வருவார். வரட்டும். சிடியில் தடம் உள்ளிருந்து வெளியே சுருள் சுருளாகப் போகிறது, அடுத்தடுத்த சுற்றுக்கு இடையே 1.6 மைக்ரான், பிரித்து நீட்டினால் 5 கிலோமீட்டருக்கு மேல் வரும். அதைவிட வட்டமான எழுத்து எங்கே இருக்கிறது?

> எங்கட பக்கம் சிடிக்கு இறுவட்டு எண்டுதான் சொல்லுறது. குறுந்தகடு எண்டு போட்டாலும் விளங்கும், ஆனா எங்கட சொல் மாதிரி இராது.

அக்கா சொல்வது சரி. 'வட்டு' இரண்டு கரைக்கும் பொது, அதையே எங்கும் வைப்போம். டிவிடிக்கும் புளூ-ரேக்கும்கூட அதே 12 சென்டிமீட்டர்தான், அவற்றில் என்ன குறுமை வேண்டியிருக்கிறது. ஒருமுறை எழுதுவது 'எழுதுவட்டு', திரும்பத் திரும்ப எழுதுவது 'அழித்தெழுது வட்டு'. மீளெழுதத்தக்க, மறுபதிவுசெய்யத்தகு எல்லாம் பொத்தானைப் பிதுங்க வைக்கின்றன.

என்னை உண்மையில் தூங்கவிடாத சொல் 'இமேஜ்'. புதிதாக வருபவர்கள் அதிகம் தவறும் இடம் அது. 700 எம்பி ஐஎஸ்ஓ கோப்பை இரவெல்லாம் இறக்கி, சாதாரணக் கோப்பு மாதிரி வட்டில் இழுத்துப் போட்டு எழுதிவிடுவார்கள், வட்டைத் திறந்தால் ஒரே ஒரு கோப்பு சும்மா உட்கார்ந்திருக்கும், கணினி அதிலிருந்து இயங்கத் தொடங்காது. அந்தக் கோப்பு ஏற்கெனவே ஒரு முழு வட்டின் அச்சு அசலான நகல், அதை வட்டாகவே விரித்து எழுத வேண்டும் என்பது பெயரிலேயே தெரிந்தால் நல்லது. என் பழைய வரைவில் 'படத்தை எழுது' என்று இருந்தது, சோதித்துப் பார்த்த ஒருவர் அதைச் சொடுக்கிவிட்டுக் கல்யாணப் போட்டோவைத் தேடினார். 'படிமம்' கொஞ்சம் தேவலை, ஆனாலும் கவிதை வாசனை. ஏட்டுப்படி, கையெழுத்துப்படி என்கிறோமே, அந்தப் 'படி'யை எடுத்து 'வட்டுப்படி' என்றால்? 'வட்டுப்படியை எழுது', 'வட்டைப் படியெடு'. 'படி' என்று தனியாக விட்டால் வாசி என்று ஆகிவிடும், கூட்டுச் சொல்லில் ஆபத்தில்லை.

'அழி'யிலும் ஒரு நெருடல் இருக்கிறது. எழுதுவட்டில் பல தவணையாக எழுதும்போது ஒரு கோப்பை நீக்கினால் அது பட்டியலிலிருந்துதான் மறைகிறது, இடம் திரும்பக் கிடைக்காது. அங்கே 'அழி' என்று போடுவது பொய், 'மறை' என்றே இருக்கட்டும். அழித்தெழுது வட்டில் 'மேலாக அழி' உள்ளடக்க அட்டவணையை மட்டும் துடைக்கிறது, 'முழுக்க அழி' கடைசிவரை போகிறது, 80 நிமிட வட்டுக்கு 4 மடங்கு வேகத்தில் 20 நிமிடம். 'ஃபைனலைஸ்' என்பதற்கு 'மூடு' என்றால் சாளரத்தை மூடுவதோடு குழம்பும், 'முத்திரையிடு' என்று போட்டிருக்கிறேன், இனி எதுவும் சேர்க்கமுடியாது என்பது அதிலேயே வந்துவிடுகிறது. மேலே 'தவணை' என்று நைசாக நுழைத்ததையும் கவனித்திருப்பீர்கள். 'அமர்வு' கணினிக்குள் நுழைந்து வெளியேறும் கணக்குக்குப் போய்விட்டது, வேறு வழி தெரியவில்லை. கடன் ஞாபகம் வருகிறது என்றால் சொல்லுங்கள், மாற்றுகிறேன்.

ஞாயிறு இரவு கோப்பை ஏற்றிவிடுவேன், அதற்குள் திட்டுவதென்றால் திட்டிவிடுங்கள். 'பஃபர் அண்டர்ரன்' என்ற ஒன்றுக்கு மட்டும் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். தரவு வந்துசேரத் தாமதமாகி, அதைத் தேக்கிவைக்கும் இடையகம் (பஃபர்) காலியானதும் வட்டு பாழாகி டீ கிளாஸ் வைக்கப் பயன்பட்ட அந்தக் காலத்துப் பிழை. 'இடையக வற்றல்' என்று எழுதிப் பார்த்தேன். வீட்டில் படித்துக் காட்டினால், சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல் வரிசையில் இது எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்கிறார்கள்.