பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூச்சு நிற்கவில்லை

கேள்வி: தெருமுகப்புச் சுவர் நூறாண்டுப் பழசு, செங்கல், சுண்ணாம்புக் காரை. மேலே பூசிய சிமென்ட் உப்பி விழுகிறது, அடியில் செங்கல் பொடியாகிறது. மறுபடி சிமென்டே பூசலாமா?

பதில்: கூடவே கூடாது. சிமென்ட் ஈரத்தை அடைத்துவிடும். உப்பு உள்ளேயே படிகமாகிச் செங்கல்லின் முகத்தைப் பிய்க்கும். பழைய சிமென்ட்டை உளியால் பெயர்த்தெடுங்கள், மின்சார அறுப்புக் கிரைண்டர் செங்கல் ஓரத்தைத் தின்றுவிடும். செங்கற்களுக்கு இடையிலான இணைப்புகளை 20–25 மி.மீ. ஆழம் சுரண்டி, நனைத்து, 1 பங்கு நீற்றிய சுண்ணாம்புக்கு 3 பங்கு கழுவிய மணல் கலந்து அழுத்தி அடையுங்கள். ஒரு வாரமாவது ஈரச் சாக்கு தொங்கட்டும்.

இன்னொரு பதில்: அதற்கு முன் மழைநீர்க் குழாய் ஒழுகுகிறதா, தெருமட்டம் உயர்ந்து சுவரடியை மூடிவிட்டதா பாருங்கள். இல்லையேல் எல்லாம் வீண்.

கேட்டவர்: மேலே பெயின்ட்?

பதில்: எமல்ஷன் (பிளாஸ்டிக் பெயின்ட்) அடித்தால் ஈரம் அடைபட்டுப் பழைய கதைதான். பால் பதத்தில் சுண்ணாம்பு, 4 பூச்சு, ஒவ்வொன்றுக்கும் ஒருநாள் இடைவெளி.