ஓகஸ்ட் வெயிலில் இலங்கையின் நக்கிள்ஸ் மலைக்காட்டில் தனியாக ஓர் இரவு: போகலாமா?

பன்விலக்காரன்:
ஹுன்னஸ்கிரிய வரை பஸ். அங்கிருந்து மீமுரே பக்கக் காட்டில் ஏறி, ஓர் இரவு தங்கி மறுநாள் இறங்க யோசனை. ஆள் துணை இல்லை. ஐந்து லீட்டர் தண்ணீர் போதுமா?

மலைத்தடம்:
கணக்காகப் போனால் தனியாகவும் போகலாம். வெயிலில் ஏறும்போது மணிக்கு அரை முதல் ஒரு லீட்டர் வரை வியர்வையாகவே போய்விடும். ஏற்றம், சமையல், காலைத் தேநீர், இறக்கம் என்று பார்த்தால் ஐந்து மட்டுமட்டு. ஆறு எடுங்கள். ஒரே கானில் வேண்டாம், ஒரு லீட்டர் போத்தல் ஆறு. ஒன்று உடைந்தாலும் ஐந்து மிஞ்சும். ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சீனித் தூள்) ஒரு பக்கட்டுக்குச் சரியாக ஒரு லீட்டர். தண்ணீரைக் குறைத்துக் கரைக்கக் கூடாது. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உப்புக் குறைந்து தலையிடி, குமட்டல் வரும். அதைத் தாகம் என்று எண்ணி இன்னும் குடிப்பார்கள். காலை ஆறு மணிக்கே ஏறத் தொடங்கி, பதினொன்று முதல் மூன்று வரை நிழலில் இருங்கள். மூன்று போத்தல் முடிந்ததும், எங்கே நின்றாலும், திரும்பிவிட வேண்டும்.

கங்காணி பேரன்:
தண்ணீர்க் கணக்கில் குறையில்லை, ஆளைத்தான் மறந்துவிட்டீர்கள். வெப்பத்தாக்கத்தில் முதலில் குழம்புவது புத்தி. பேச்சுக் குழறுவதும் கால் தடுமாறுவதும் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும். உடனே ஈரத்துணி போட்டு விசிறிச் சூட்டை இறக்க வேண்டும்; மயங்கியவர் தானே செய்துகொள்வாரா? மூன்று போத்தலை எண்ணும் தெளிவும் அப்போது இருக்காது. மீமுரேப் பள்ளத்தில் சிக்னலை நம்ப முடியாது. 1990 அவசர இலக்கத்துக்கு அழைப்புப் போனாலும் அம்புலன்ஸ் வீதியோடு நின்றுவிடும்.

இன்னொன்று, மாதம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே காய்ந்து சூடாகி இறங்கும். அதுதான் கச்சான். அந்த நாட்களில் மானாப்புல்லுக்கு ஒரு பொறி போதும், நெருப்பு மேட்டை நோக்கி ஓடும்.

மலைத்தடம்:
விறகு மூட்டச் சொன்னது யார்? சின்ன காஸ் அடுப்பு, வெறும் பாறைமேல், பக்கத்தில் ஒரு போத்தல் தண்ணீர். காற்று பலமாக அடித்தால் அதுவும் வேண்டாம். பாணும் சம்பலும் போதும். கூடாரத்தை ஓடைக்கரையில் போடாதீர்கள், வறட்சியில் மிருகங்கள் அங்கேதான் இறங்கும். காய்ந்த கொப்புக்குக் கீழேயும் வேண்டாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு பாகை அளவு குளிரும். வியர்த்த சட்டையோடு காற்றில் படுத்தால் நடுங்கும், காய்ந்த சட்டை ஒன்று கட்டாயம்.

மருந்துப்பெட்டி:
பாம்பை இருவருமே விட்டுவிட்டீர்கள். சருகுக்குள் கிடக்கும் கூர்மூக்குக் குழிவிரியன் சின்னதுதான், ஆனால் சிலருக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நம் ஆஸ்பத்திரிகளில் உள்ள இந்திய விஷமுறிவு மருந்து அதற்கு வேலை செய்யாது. இருட்டில் செருப்போடு சலம் கழிக்கப் போகாதீர்கள்: சப்பாத்து, டோர்ச், பிறகுதான் கால். கடித்தால் வெட்டவும் உறிஞ்சவும் வேண்டாம். காலை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போவதற்கு ஆள் வேண்டும், ஆகவே என் வாக்கு பேரனுக்கு. அட்டைக்குச் சித்தாலேப களிம்பு போதும்.

பன்விலக்காரன்:
திரும்பும் நேரத்தை எழுதி ஊரில் கொடுத்துவிட்டுப் போனால்?

கங்காணி பேரன்:
மறுநாள் பகல் பன்னிரண்டு என்று எழுதுவீர்கள். மாலை ஏழு மணிக்கு விழுந்தால் பதினேழு மணி நேரம் ஒருவரும் தேட மாட்டார்கள். வன பாதுகாப்புத் திணைக்கள அனுமதியோடு உள்ளூர் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நாட்கூலியை மிச்சம்பிடிக்கும் இடம் இதுவல்ல.

மலைத்தடம்:
ஊர் தெரிகிற மேட்டில், ஒரு மணி நடைக்குள் தங்கட்டும். இரவு எட்டுக்கு டோர்ச்சை மூன்று முறை மின்னினால் ஊரார் நலம் என்று அறிவார்கள்.

கங்காணி பேரன்:
மூன்று மின்னல் உதவி கேட்கும் அடையாளம். நலத்துக்கு ஒன்று போதும். முகில் மூடிய இரவில் அதுவும் தெரியாது. அப்போது ஊரார் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.