முதல் ஆசிட் ஹவுஸ் பம்பாயிலா? சரண்ஜித் சிங்கின் இசைத்தட்டு பற்றி ஒரு விவாதம்

தெற்கத்தி டிஜே:
இந்தி சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங்கின் 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' இசைத்தட்டை இன்னும் ஏதோ விநோதப் பொருள் மாதிரியே பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1982இல் பம்பாயில் பதிவாகி, அடுத்த ஆண்டு எச்.எம்.வி. வெளியீடாக வந்தது. ரோலண்ட் கம்பெனியின் மூன்று கருவிகள்: பேஸ் என்னும் அடித்தள ஒலிக்கு டிபி-303, தாளத்துக்கு டிஆர்-808 டிரம் மெஷின், மெட்டுக்கு ஜூபிடர்-8 சின்தசைசர். வாசித்தது ஒரே ஆள். பத்து ராகம். சிகாகோவில் ஃப்யூச்சர் குழுவின் 'ஆசிட் ட்ராக்ஸ்', ஆசிட் ஹவுஸ் என்ற கிளப் ஆட்ட இசையின் தொடக்கமாகச் சொல்லப்படும் தட்டு, வெளியானது 1987இல். அதே 303, அதே விடாத நாலடித் தாளம். முந்தியது பம்பாய்தான். முதல் ஆசிட் ஹவுஸ் ஆல்பம் இது என்று தயங்காமல் சொல்லலாம்.

நள்ளிரவு பீட்:
தயங்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. 303 இருந்தாலே ஆசிட் ஆகிவிடாது. ஸ்காட்லாந்தின் ஆரஞ்ச் ஜூஸ் குழு ஏறத்தாழ அதே சமயத்தில் 'ரிப் இட் அப்' பாட்டில் 303ஐப் பயன்படுத்தியது. அதை யாரும் ஆசிட் என்பதில்லை. ஃப்யூச்சர் குழுவின் டிஜே பியர், ஸ்பாங்கி, ஹெர்ப் ஜே மூவரும் செய்தது வேறு. சின்ன பேஸ் வரி ஒன்றைச் சுற்றவிட்டு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒலியின் நிறத்தை மாற்றும் ஃபில்டர் குமிழ்களைத் திருகினார்கள். சுரங்களைவிட அந்தத் திருகல்தான் அங்கே இசை. டிஜே ரான் ஹார்டி அதைச் சிகாகோவின் மியூசிக் பாக்ஸ் கிளப்பில் திரும்பத் திரும்பப் போட்டு ஆட்டக்காரர்களைப் பழக்கினார். கறுப்பின இளைஞர்களும் தன்பால் ஈர்ப்பாளர்களும் அந்தத் தளங்களில் வளர்த்தெடுத்த இசை அது. பம்பாய்த் தட்டை அவர்களில் யாரும் கேட்டதற்குத் தடயம் இல்லை. அவர்களுடைய பெயரை எடுத்து இன்னொருவருக்குச் சூட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

தெற்கத்தி டிஜே:
யாருடைய பெயரையும் நான் பறிக்கவில்லை. வாரிசு இல்லாததால் முந்தியது பிந்தியதாகிவிடுமா? 303 எதற்காக வந்தது என்று பாருங்கள். தனியாகப் பயிற்சி செய்யும் கிட்டார்காரர்களுக்குப் பக்கத்துணையாக பேஸ் வாசிக்க 1981இல் விற்பனைக்கு வந்த பெட்டி. அந்த வேலைக்கு அது ஒத்துவரவில்லை, 1984இல் நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்ததால்தான் சிகாகோக்காரர்கள் கையில் சிக்கியது. சரண்ஜித் சிங் அது புதிதாக வந்த சூட்டிலேயே சிங்கப்பூரில் வாங்கினார். அதைப் பக்கத்துணையாக விடாமல் ஆட்ட இசையின் முதுகெலும்பாக்கினார். கருவியைச் செய்தவர்கள் நினைக்காததை இரண்டு ஊர்க்காரர்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். ஒருவர் முந்திக்கொண்டார். இதில் என்ன தவறு?

மோகனப்பிரியை:
இரண்டு பேரும் ராகத்தை மறந்துவிட்டுச் சண்டை போடுகிறீர்கள். கர்நாடக இசை கேட்பவர்களுக்கு இந்தத் தட்டு அந்நியமே இல்லை. தட்டில் உள்ள இந்துஸ்தானி ராகங்களில் பூபாலி நம் மோகனம். மால்கௌன்ஸ் நம் ஹிந்தோளம். யமன் என்றால் கல்யாணி, பைராகி என்றால் ரேவதி, கலாவதி நம் வலஜிக்கு நெருக்கம்.

இது ஏன் ஹவுஸ் மாதிரி கேட்கிறது? மேற்கத்தியப் பாட்டில் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கொத்து, மாறிக்கொண்டே இருக்கும், பேஸும் அதன் பின்னால் ஓடும். ராகத்தில் ஆதார ஷட்ஜம், அதாவது அடிப்படை 'ஸ', அசையாது. அதனால் பேஸ் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வரலாம், மேலே ஜூபிடர் மட்டும் சஞ்சாரம் செய்யும். ஹவுஸ் இசையும் பெரும்பாலும் கார்டு மாற்றத்தைக் குறைத்து ஒரே வரியைச் சுற்றவிடுவதுதான். 303இல் 'ஸ்லைடு' என்று ஒரு வசதி உண்டு, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும். அந்தப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஜாரு என்னும் வழுக்கும் கமகத்தின் சாயல் இருந்ததை ஒரு இந்திய வித்வானின் காது உடனே பிடித்திருக்கும். தட்டிலுள்ள லலித் ராகத்தைக் கேளுங்கள். பஞ்சமம் இல்லை, இரண்டு மத்யமமும் பக்கத்துப் பக்கத்தில். அதை டிஸ்கோ தாளத்தின்மேல் நிறுத்த எவ்வளவு தைரியம் வேண்டும்! வருங்காலத்தைப் பார்த்து அவர் இதைச் செய்யவில்லை. தனக்குத் தெரிந்த ராகத்தை விடாமல் செய்தார், அவ்வளவுதான்.

தெற்கத்தி டிஜே:
நீங்கள் சொன்னது என் பக்கத்துக்குத்தான் பலம், அக்கா. தற்செயல் இல்லை, அமைப்பே ஒன்று என்கிறீர்கள்.

மோகனப்பிரியை:
அமைப்பு நெருக்கம் என்கிறேன், தம்பி. நோக்கம் ஒன்று என்று சொல்லவில்லை.

ஊசிமுனை:
தட்டையே கொஞ்சம் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு ஐந்து ராகம், ஒவ்வொன்றும் சுமார் ஐந்து நிமிடம். அதாவது பக்கத்துக்கு இருபத்தைந்து நிமிடம் அளவில் வருகிறது. எல்.பி. என்னும் நீண்ட நேர இசைத்தட்டில் இது நெருக்கடியான நீளம். பேஸ் கனமாக இருந்தால் ஊசி ஓடும் பள்ளம் அகலமாக அலையும், இடம் தின்னும். அத்தனை நிமிடத்தை உள்ளே அடைக்க வேண்டும் என்றால் ஒலி அளவைக் குறைத்துத்தான் வெட்ட முடியும். 'ஆசிட் ட்ராக்ஸ்' வந்தது பன்னிரண்டு அங்குல சிங்கிளாக. பதினோரு நிமிடத்துக்கு ஒரு முழுப் பக்கம். பள்ளங்கள் தாராளமாக விரிந்து கிடக்கும், கிளப் ஸ்பீக்கரில் நெஞ்சில் இடிக்கும். டிஜே கையில் பிடித்து இன்னொரு தட்டோடு கலக்கச் செய்த பண்டம் அது. பம்பாய்த் தட்டு கூடத்தில் உட்கார்ந்து கேட்கச் செய்தது. யாருக்காகச் செய்தார்கள் என்பதைத் தட்டே சொல்கிறது.

தெற்கத்தி டிஜே:
அன்றைய பம்பாயில் கிளப்புக்கென்று தனி சிங்கிள் போடும் சந்தை எங்கே இருந்தது? எச்.எம்.வி.க்குத் தெரிந்தது எல்.பி., அதில் போட்டார்கள். அதை வைத்து அவருடைய நோக்கத்தை எப்படி அளப்பீர்கள்? வெளியானபோது விற்கவும் இல்லை, கிடப்பில் போய்விட்டது. பிறகு எடோ பௌமன் என்ற டச்சுக்காரர் டெல்லியில் ஒரு பிரதியைக் கண்டெடுத்து, சரண்ஜித் சிங்கைத் தேடிப் பிடித்து, 2010இல் பாம்பே கனெக்‌ஷன் லேபிளில் மறுபடி வெளியிட்டார். அப்போதுகூட இது யாரோ இப்போது செய்த போலி என்று சந்தேகப்பட்டார்கள். அந்த அளவுக்கு ஒலி அவர்கள் காதுக்கு ஆசிட்டாக இருந்தது. எழுபது வயதைத் தாண்டி அவர் ஐரோப்பிய மேடைகளில் ஜூபிடர்-8ஐ வாசித்தார், கூட்டம் ஆடியது. 'முதல் ஆசிட்' என்ற பேச்சு இல்லாவிட்டால் 2015இல் அவர் இறந்த செய்தியை எத்தனை பத்திரிகை போட்டிருக்கும்? அதனால் அந்தப் பட்டத்தை நான் விடமாட்டேன்.

நள்ளிரவு பீட்:
அந்தப் பேச்சு அவருக்கு மேடை கொடுத்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அதில் சந்தோஷமும்தான். ஆனால் பட்டம் என்ன செய்துவிட்டது பாருங்கள். அவர் இந்தி சினிமா இசைக்குழுக்களில் பல வருடம் உழைத்தவர். சினிமா டிஸ்கோ உச்சத்தில் இருந்த நேரத்தில், அந்த உலகத்துக்குள் நின்றுகொண்டு இந்தத் தட்டைச் செய்தார். தட்டின் தலைப்பிலேயே டிஸ்கோ இருக்கிறது. அவரை அவருடைய ஊரிலிருந்து பிடுங்கி, பார்க்காத சிகாகோவுக்கு முன்னோடியாக நிறுத்தினால் பம்பாய் காணாமல் போகிறது. சினிமாப் பாட்டுகளைக் கருவியில் வாசித்து அவர் போட்ட மற்ற எல்.பி.க்களும் உண்டு. அவற்றில் ஒன்றையாவது இங்கே யாராவது தேடினோமா?

ஊசிமுனை:
என்னிடம் ஒன்று இருக்கிறது, எழுபதுகளில் வந்த சினிமாப் பாட்டுத் தட்டு. இரண்டு பக்கத்தையும் பதிவு செய்து ஞாயிற்றுக்கிழமை இங்கே போடுகிறேன். அதையும் ராகத் தட்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு மீதியைப் பேசுவோம்.

தெற்கத்தி டிஜே:
போடுங்கள். என் முடிவு மாறாது, ஆனால் கேட்கிறேன்.