கலைச்சொல் வேண்டும்: இசைத்தட்டின் ‘மேட்ரிக்ஸ் எண்’

அனுப்பியவர்: இரா.
செவ்வாய், காலை

நண்பர்களுக்கு வணக்கம்.

மேற்கு ஆப்பிரிக்காவின் பழைய இசைத்தட்டுகளைப் பற்றிய பாடநூல் ஒன்று தமிழில் வருகிறது. உரைப்பகுதி முடிந்துவிட்டது. பின்னிணைப்பில் உள்ள தட்டுப் பட்டியலில் ஒரே ஒரு சொல்லால் வேலை நிற்கிறது. வெள்ளிக்கிழமை மாலை பக்கங்கள் வடிவமைப்புக்குப் போயாக வேண்டும்.

ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு வகை எண் உண்டு. லேபிளில் கொட்டை எழுத்தில் இருப்பது கம்பெனி விற்பனைக்காக வைத்த எண். அதற்குப் ‘பட்டியலெண்’ என்று போட்டுவிட்டேன். மற்றது மேட்ரிக்ஸ் எண். பாட்டின் வரி (ஊசி ஓடும் பள்ளம்) முடிந்து லேபிள் தொடங்குவதற்குள் மழமழவென்று ஒரு வளையம் இருக்கிறதே, அதில் பொடியாகக் கீறியிருக்கும். எந்தப் பதிவு, எங்கே எப்போது எடுத்தது என்று துப்புக் கொடுப்பது இந்த எண்தான்.

ஹெச்.எம்.வி. 1933-இலிருந்து ஆப்பிரிக்கச் சந்தைக்கு விட்ட ஜி.வி. வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலெண்ணை மட்டும் பார்த்தால் அக்ராவிலோ லாகோசிலோ பதிவானது என்று எழுதிவிடத் தோன்றும். உள்ளே இருப்பதோ கியூப இசை. அமெரிக்க விக்டர் கம்பெனி ஏற்கெனவே பதிந்து வைத்திருந்ததை எடுத்து ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். மேட்ரிக்ஸ் எண்ணை விக்டரின் ஏடுகளில் தேடினால் பி.வி.இ. என்ற முன்னெழுத்தோடு அகப்படும். பி என்றால் பத்து அங்குலத் தட்டு, வி.இ. என்றால் விக்டரின் மின்பதிவு. இதை மாணவர்கள் தாங்களே செய்து பார்க்க வேண்டும் என்பதால் பட்டியலில் இந்த எண்ணுக்கான பத்தியை விட முடியாது.

பத்தியின் அகலம் குறைவு. ஏழெட்டு எழுத்துக்குள் சொல் வேண்டும்.

– இரா.

---

அனுப்பியவர்: வே.
செவ்வாய், பிற்பகல்

அன்புடையீர்,

கணிதத்தில் மேட்ரிக்ஸுக்கு ‘அணி’ என்று வைத்தோம். அது நிரையும் நிரலுமாக அணிவகுத்து நிற்பதால் வந்தது. அதை இங்கே இழுத்துவந்து ‘அணியெண்’ என்று யாரும் போட்டுவிட வேண்டாம், கிரிக்கெட் வீரரின் சட்டை எண் போல ஆகிவிடும்.

மூலம் இலத்தீன். தாய் என்ற சொல்லடியாகப் பிறந்து கருப்பை என்ற பொருளில் நின்ற சொல். ஆகவே கரு. கரு + எண் = கருவெண். ‘கரு’ என்பதன் ஈற்று உகரம் தனிக்குறிலை அடுத்து வந்ததால் முற்றியலுகரம். எனவே கெடாமல் நின்று வகர உடம்படுமெய் பெறும். முற்றியலுகரமும் ஒரோவழி கெடும் என்று நன்னூலார் விதித்திருக்கிறார், ஆனால் ‘கரெண்’ என்றால் மின்வாரியத்துக்குத் தொலைபேசி வந்துவிடும். நாலே எழுத்து. பத்தியிலும் அடங்கும்.

– வே.

---

அனுப்பியவர்: சி. (ரொறன்ரோ)
செவ்வாய், இரவு

> கரு + எண் = கருவெண்

ஐயா குறை நினைக்கக்கூடாது. இதைப் படிக்கிற பிள்ளை கரு, வெண் என்று பிரித்துக் கறுப்பு வெள்ளை என்றுதான் விளங்கிக்கொள்ளும். பழைய தட்டு என்பதால் கறுப்பு வெள்ளைப் படம் மாதிரி ஏதோ என்று நினைத்தாலும் நினைக்கும்.

தாய் என்ற பொருள்தான் வேண்டுமென்றால் நேரே ‘தாயெண்’ என்று சொல்லலாமே. நாங்கள் சி.டி.யை இறுவட்டு என்றும் ஹார்ட் டிஸ்க்கை வன்தட்டு என்றும் சொல்லிப் பழகிவிட்டோம். முதல் ஒரு கிழமைக்குத்தான் சிரிப்பார்கள்.

– சி.

---

அனுப்பியவர்: ஜோ.
புதன், காலை

தாயெண் என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். அந்தப் பெயருக்கு ஏற்கெனவே சொந்தக்காரர் இருக்கிறார். தட்டு எப்படி உருவாகிறது என்று வரிசையாகச் சொன்னால்தான் புரியும்.

பாடகர் பாடும்போது ஊசி மெழுகுத் தட்டில் வரி வெட்டுகிறது. அதன்மேல் மின்சாரம் பாயும்படி கிராஃபைட் தூள் தடவி, முலாம் தொட்டியில் தொங்கவிட்டுச் செம்பு ஏற்றுவார்கள். உரித்து எடுத்தால் வரிகள் மேடாக நிற்கும் உலோகத் தட்டு கிடைக்கும். பட்டறையில் இதற்குத் தந்தை என்று பெயர். தந்தையின்மேல் மறுபடி முலாம் ஏற்றி உரித்தால் வரிகள் பள்ளமாக உள்ள தாய். தாயிலிருந்து அதே முறையில் மேடான அச்சுத் தட்டு. இந்த அச்சுதான் அழுத்து எந்திரத்தில் மாட்டப்பட்டு, சூடான அரக்குக் கலவையை அழுத்தி விற்பனைத் தட்டாக்குகிறது. அச்சு தேய்ந்துவிடும். தாயிலிருந்து வேறு அச்சு எடுப்பார்கள். தாயும் கெட்டால் தந்தையிலிருந்து வேறு தாய்.

இப்போது எண்களுக்கு வருவோம். பிரிட்டிஷ் கிராமபோன் கம்பெனியின் தட்டில் (ஹெச்.எம்.வி., சோனோஃபோன் இரண்டும் அவர்களுடையவை) லேபிளைச் சுற்றியுள்ள வளையத்தைக் கடிகார முகமாக வைத்துக்கொள்ளுங்கள். 6 மணி இடத்தில் மேட்ரிக்ஸ் எண். 9 மணி இடத்தில் எத்தனையாவது தாய் என்ற எண். 3 மணி இடத்தில் எத்தனையாவது அச்சு என்பதற்கான எழுத்து. இந்த எழுத்து ஒரு சங்கேதம். கிராமபோன் என்பதன் முதல் ஏழு எழுத்தையும் லிமிடெட் என்பதன் சுருக்கமான மூன்று எழுத்தையும் சேர்த்து, வரிசையாக 1 முதல் 9 வரையும் கடைசி எழுத்துக்குப் பூஜ்யமும் கொடுத்தார்கள். ஜி 1, ஆர் 2, ஏ 3. ஆர்.ஏ. என்று இருந்தால் அது 23-ஆவது அச்சு.

ஆகவே ‘தாயெண்’ என்றால் 9 மணி எண். அதையே 6 மணி எண்ணுக்கும் வைத்தால் மாணவர் தட்டைக் கையில் எடுத்ததும் 2 என்றோ 3 என்றோ எழுதிவைப்பார், பட்டியல் முழுக்கப் பாழ். ‘அச்செண்’ என்று யாரேனும் சொல்ல வந்தால் அதற்கும் இதே பதில், அது 3 மணியில் இருக்கிறது.

பட்டியலில் இன்னொன்றும் கவனியுங்கள். மேட்ரிக்ஸ் எண் பக்கத்துக்கு ஒன்று, தட்டுக்கு ஒன்று அல்ல. 1928-இல் குமாசி ட்ரியோ என்ற இசைக்குழு இலண்டனில் சோனோஃபோனுக்குப் பதிந்த ‘யா அம்போன்சா’ ஒரு பக்கத்தில் அடங்காமல் இரண்டு பக்கமாக வந்தது. பத்து அங்குலப் பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் கொள்ளும். ஒரு பாட்டு, இரண்டு மேட்ரிக்ஸ் எண். கட்டத்தை இரண்டு வரி உயரத்துக்கு வையுங்கள்.

– ஜோ.

---

அனுப்பியவர்: வே.
புதன், நண்பகல்

பொறியாளர் விளக்கம் அருமை. தந்தை, தாய், அச்சு என்ற வமிசாவளியைப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் முந்திய மெழுகுத்தட்டுதான் மூலம். அதில் கீறிய எண் மூலவெண் அல்லது மெழுகெண். ‘மெழுகெண்’ செவிக்கு இனிது.

போகிற போக்கில் ஒன்று. அரக்குக் கலவை என்றார். பாலைக்கலியில் களிறுகள் காட்டுத்தீயில் அகப்பட்டதற்கு உவமையாக அரக்கு மாளிகை எரிந்தது வரும். அரக்கு நமக்குப் புதிய பொருளன்று. கிராமபோன் தட்டுக்குப் போன அரக்கிலும் பெரும்பங்கு இந்தியக் காடுகளின் அரக்குப் பூச்சி தந்தது. எனவே நூலில் ‘ஷெல்லாக்’ என்று எழுதியிருந்தால் உடனே ‘அரக்கு’ என்று மாற்றுக.

– வே.

---

அனுப்பியவர்: ஜோ.
புதன், மாலை

அரக்கு நல்ல சொல், வைத்துக்கொள்ளலாம். தட்டில் அரக்கு சிறுபங்குதான். மீதி கற்பொடி, பஞ்சு இழை, கரி. ஆனால் அந்தச் சிறுபங்கு ஸ்பிரிட்டில் கரையும். எண் தெரியவில்லை என்று ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பவர்கள் இருக்கிறார்கள்; அதோடு மேற்பரப்பும் போய்விடும். பென்சில் தேய்த்துப் பார்ப்பதும் கூடாது, தூள் வரிக்குள் இறங்கிவிடும். அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தட்டின் பரப்போடு படுக்க வைத்து, மெல்லத் தட்டைச் சுழற்றினால் 6 மணி இடத்தில் கீறல் நிழலாக எழும். அப்போது படம் பிடியுங்கள். இந்த வழிமுறை நூலில் இல்லையென்றால் சேர்த்துவிடலாம்.

மெழுகெண்ணுக்கு வருகிறேன். 1950-களில் இ.டி. மென்சாவின் டெம்போஸ் இசைக்குழு டெக்கா கம்பெனிக்குப் பதிந்த காலத்தில் மெழுகு போய் லாக்கர் பூசிய அலுமினியத் தட்டும் டேப்பும் வந்துவிட்டன. கினி நாட்டின் அரசுக் கம்பெனி சிலிஃபோன் வெளியிட்ட எல்.பி.க்களில் (ஒரு பக்கத்தில் பல பாட்டுகள் கொள்ளும் நீள்நேரத் தட்டுகளில்) மெழுகுக்கு வேலையே இல்லை. எல்.பி.யில் மேட்ரிக்ஸ் எண் ஒரு பாட்டைக் குறிப்பதுமில்லை. டேப்பிலிருந்து அந்தப் பக்கத்தை வெட்டிய வெட்டைக் குறிக்கிறது. ‘மூலவெண்’ அங்கே பொய் சொல்லும்.

– ஜோ.

---

அனுப்பியவர்: மு.
புதன், இரவு

தட்டு சேகரிப்பவர்கள் எல்லோரும் ‘மேட்ரிக்ஸ்’ என்றுதான் சொல்கிறார்கள். ‘மேட்ரிக்ஸ் எண்’ என்று போட்டுவிட்டுப் போகலாம். மாணவர் நாளை இணையத்தில் தேடப் போவதும் அந்தச் சொல்லைத்தான். தமிழ்ப்படுத்த வேண்டியதில் நமக்கு ஆர்வம் போதாதென்று, படுத்த வேண்டாததையும் படுத்துகிறோம்.

இன்னொரு புகார். இரா. அனுப்பிய மாதிரிப் பக்கத்தில் மாலி இசைஞரை எல்லாம் ‘பாணர்’ என்று எழுதியிருக்கிறது. ஜெலி என்பது மாண்டே மக்களிடையே பிறப்பால் வரும் தொழில். குடிவரலாறு சொல்வதும் புரவலர் குடும்பத்தைப் பாடுவதும் அவர்கள் உரிமை. பாமகோ ரயில் நிலைய ஓட்டலில் 1970-இல் தொடங்கிய ரெயில் பாண்ட் இசைக்குழுவையே பாருங்கள். அதில் பாடிய மோரி காந்தே ஜெலி குடும்பம். சாலிஃப் கெய்ட்டா அரச வழியினர், அவர் பாடக் கிளம்பியதே வீட்டில் பெரிய மனத்தாங்கல். இருவரையும் பாணர் என்றால் அந்த மனத்தாங்கல் ஏன் வந்தது என்று வாசகருக்கு எப்படி விளங்கும்? ஜெலி என்றே இருக்கட்டும்.

– மு.

---

அனுப்பியவர்: சி. (ரொறன்ரோ)
வியாழன், காலை

ஜெலி விஷயத்தில் மு. சொல்வது சரி. மேட்ரிக்ஸ் விஷயத்தில் ஒத்துவர முடியாது. இணையத்தில் தேட வேண்டுமென்றால் முதல் முறை வரும்போது இரண்டையும் சேர்த்து எழுதினால் போச்சு.

கீறியது, பொறித்தது என்பதை வைத்துப் ‘பொறிப்பெண்’ என்றால் என்ன? மெழுகோ லாக்கரோ, பொறிப்பது பொறிப்பதுதானே.

– சி.

---

அனுப்பியவர்: வே.
வியாழன், காலை

> பொறிப்பெண்

பொறிப் பெண்ணா? இயந்திரப் பாவை என்றல்லவா பொருள்படும்! கருவெண்ணில் கறுப்பு வெள்ளை கண்டவருக்கு இது கண்ணில் படவில்லையா?

– வே.

---

அனுப்பியவர்: மு.
வியாழன், நண்பகல்

மதிப்பெண் என்று எத்தனை தலைமுறையாகப் பள்ளிக்கூடத்தில் எழுதுகிறோம். எந்தப் பெண்ணை மதித்தீர்கள் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. குற்றியலுகரம் கெட்டு எண்ணோடு சேர்ந்தால் அப்படித்தான் வரும், ஐயாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்ச்சொல்தான் வேண்டும் என்று நின்றால் பொறிப்பெண்ணுக்கு என் வாக்கு. மனமில்லாமல்தான்.

– மு.

---

அனுப்பியவர்: ஜோ.
வியாழன், மாலை

எனக்கு இதில் ஒப்புதல் இல்லை. 3, 6, 9 மூன்று இடத்திலும் இருப்பது பொறிப்புதான். தயாரிப்பு முறையில் அவை வேறுபடுவதையாவது கவனியுங்கள். மெழுகில் நேராகக் கீறியது தந்தையில் தலைகீழ், தாயில் நேர், அச்சில் தலைகீழ், தட்டில் நேர். ஆகவே 6 மணி எண் அந்தப் பதிவிலிருந்து வந்த எல்லாத் தட்டிலும் ஒரே கையெழுத்தில் இருக்கும். தாயில் அடித்த எண் அந்தத் தாயின் வழியில் வந்தவற்றில் மட்டும் வரும். அச்சில் அடிப்பதைக் கண்ணாடிப் பிம்பமாக அடித்தால்தான் தட்டில் நேராக விழும். ஒரே பதிவின் இரண்டு தட்டுகளை வைத்து, எது மாறாமல் இருக்கிறதோ அதுதான் மேட்ரிக்ஸ் எண் என்று கண்டுபிடிக்கலாம். ‘பொறிப்பெண்’ என்ற சொல்லில் இந்த வேறுபாடு எங்கே இருக்கிறது? ‘வார்ப்புவழி எண்’ என்றாலாவது கொஞ்சம் ஒட்டும்.

– ஜோ.

---

அனுப்பியவர்: இரா.
வெள்ளி, காலை

எல்லோருக்கும் நன்றி. ‘வார்ப்புவழி எண்’ பத்திக்குள் அடங்கவில்லை, போட்டுப் பார்த்தேன். ‘பொறிப்பெண்’ அடங்குகிறது. ஆதரவும் அதற்குத்தான் கூடுதல். அதையே வைக்கிறேன். முதல் முறை வரும் இடத்தில் ‘பொறிப்பெண் (மேட்ரிக்ஸ் எண்)’. ஜோ. சொன்ன 6 மணி, 9 மணி, 3 மணி விவரமும் டார்ச் வழிமுறையும் பட்டியலுக்கு மேலே குறிப்பாக வருகின்றன. 9 மணி எண்ணுக்குத் தாயெண், 3 மணி எழுத்துக்கு அச்செழுத்து என்று பெயர். அரக்கு ஏற்கப்பட்டது. பாணர் எல்லா இடத்திலும் ஜெலி ஆகிவிட்டார். ஒரு பக்கத்துக்கு ஓர் எண் என்பதால் கட்டங்களையும் உயர்த்தியாகிவிட்டது.

– இரா.

---

அனுப்பியவர்: வே.
வெள்ளி, நண்பகல்

அச்சிட்டுக்கொள்க. அடியேன் என் கட்டுரைகளில் மூலவெண் என்றே எழுதுவேன். 1928-ஆம் ஆண்டுத் தட்டுக்கு அதில் பொய் ஒன்றும் இல்லை.

– வே.

---

அனுப்பியவர்: சி. (ரொறன்ரோ)
வெள்ளி, மாலை

பொறிப்பெண்ணுக்குப் பின்னால் கோடு போட்டு 1, 2 என்று வருகிறதே, ஒரே பாட்டை எத்தனையாவது தரம் பாடிப் பதிந்தார்கள் என்பது. அதைப் பட்டியலில் இன்னும் ‘டேக்’ என்றுதான் வைத்திருக்கிறீர்களோ?

– சி.

---

அனுப்பியவர்: இரா.
வெள்ளி, மாலை

டேக் என்றேதான். பக்கங்கள் போய்விட்டன.

– இரா.