லேப்டாப் எக்ஸ்ரே: பேட்டரி தெரியுமா, தெரியாதா?

இந்துநகர் வாசி: பழைய லேப்டாப்பை எக்ஸ்ரே எடுத்து, “ஆறு பேட்டரியும் வரிசையாகத் தெரிகிறது பாருங்கள்” என்று பூம்பாறைப் பூண்டு நேற்று படம் போட்டிருக்கிறார். கதை அளக்கலாம், அதற்காக இப்படியா? அணு எண் கூடினால்தான் எக்ஸ்ரேயை நன்றாகத் தடுக்கும்; பேட்டரியில் உள்ள லித்தியத்தின் அணு எண் 3. எலும்பில் உள்ள கால்சியத்துக்கே 20. எக்ஸ்ரே லித்தியத்தைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். என் அப்பா ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் (எச்.பி.எஃப்.) ஃபேக்டரியில் எக்ஸ்ரே ஃபிலிம் செய்தவர், எனக்குப் பாடம் வேண்டாம்.

பூம்பாறைப் பூண்டு: அப்பா ஃபிலிம் செய்தார், சரி, நீங்கள் என்ன செய்தீர்கள்? அவை உருளை செல்கள், 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம், மேலே எஃகு உறை, உள்ளே சுருட்டிய செம்புத் தகடு. இரும்புக்கு 26, செம்புக்கு 29. எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ராண்ட்ஜன் 1895இல் மனைவியின் கையை எடுத்த படத்தில்கூட மோதிரம்தான் முதலில் கண்ணில் படும்.

இந்துநகர் வாசி: மோதிரம் பேட்டரியா? லித்தியம் 3. திரும்பவும் சொல்கிறேன், 3.

குன்னூர் ரயிலடி: விமான நிலையத்தில் லேப்டாப்பைப் பையிலிருந்து எடுத்துத் தனியாக வைக்கச் சொல்வது எதற்கு? பேட்டரியும் போர்டும் மற்றதை மறைக்கும் என்றுதான். தெரியாத பொருள் எப்படி ஐயா மறைக்கும்? ஆமாம் பூண்டு, ஹார்ட் டிஸ்க்கில் இருந்ததெல்லாம் அழியவில்லையா?

பூம்பாறைப் பூண்டு: அழியாது, அது காந்தப் பதிவு. மழைக்காலத்தில் ஆன் ஆகாமல் போனதே என்று, சிப்பைப் போர்டில் ஒட்டும் சால்டர் (உலோகப் பற்று) அடியில் விட்டுப்போயிருக்கிறதா பார்க்கத்தான் மச்சானின் லேபில் எடுத்தேன். கீபோர்டு, திருகு, போர்டு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து அது மட்டும் பிடிபடவில்லை. ரீபாலிங் (சிப்பைக் கழற்றி சால்டரைப் புதிதாக வைப்பது) கடைக்காரர்கள் பார்க்கும் மிஷினே வேறு.

இந்துநகர் வாசி: ஆகா! தெரியவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார்.

பூம்பாறைப் பூண்டு: சால்டர் பிடிபடவில்லை என்றேன். பேட்டரி தெரிகிறது. தமிழ் படிக்க வருமா? 1899இல் சூரிய ஆய்வகம் வந்த கொடைக்கானல் மலை எங்களுடையது, பூட்டிய ஃபேக்டரியின் பெருமையை எங்களிடம் பேச வேண்டாம்.

இந்துநகர் வாசி: ஃபேக்டரியை இழுக்காதீர்கள், அந்தச் சம்பளத்தில் படித்தவன் நான். பாதி நாள் மேகம் மூடும் ஊரில் சூரியனாம்! எங்கள் ஊட்டி முத்தோரையில் 530 மீட்டர் ரேடியோ தொலைநோக்கி நிற்கிறது, அதற்கு மேகம் ஒரு பொருட்டே இல்லை. போன வருடம் மலைப்பூண்டு விலை விஷயத்திலும் இவர் இப்படித்தான் குதித்தார்.

குன்னூர் ரயிலடி: பேட்டரிக்கு வாருங்கள் ஐயா. எஃகு உறைக்கு என்ன பதில்?

இந்துநகர் வாசி: உறை வேறு, பேட்டரி வேறு. லித்தியம் 3.