சாயங்காலம் பள்ளிக்கூடத்தைத் திறந்துவைக்க யாரிடம் கேட்பது?

கேள்வி:
எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியை நாலரை மணிக்குப் பூட்டினால் மறுநாள் காலைதான் திறக்கிறார்கள். உள்ளே நல்ல மைதானம், வேப்பமர நிழல், தண்ணீர்க் குழாய் எல்லாம் உண்டு. பிள்ளைகளோ தார் ரோட்டில் கிரிக்கெட் ஆடுகிறார்கள், போன மாதம் ஒரு பையன் பைக்கில் அடிபட்டான். தேர்தலுக்கும் வெள்ளத்துக்கும் திறக்கிற அதே கேட்டை தினமும் இரண்டு மணி நேரம் திறக்கக் கூடாதா?

பதில் 1:
பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசுங்கள். 24 பேர் கொண்ட குழு, பெரும்பாலும் பெற்றோர்கள்தான், தலைவரும் ஒரு மாணவரின் அம்மாதான். நானும் எங்கள் ஊர்க் குழுவில் இருக்கிறேன். தீர்மானம் எழுதி, தலைமை ஆசிரியர் மூலம் வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டால் நடக்காது.

பதில் 2:
நான் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். தம்பி, கேட்பது நியாயம்தான், ஆனால் எங்கள் பயத்தையும் புரிந்துகொள்ளுங்கள். ஒருமுறை நம்பிச் சாவியைக் கொடுத்தேன், திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் வராந்தாவில் மது பாட்டில் உடைந்து கிடக்கிறது, கழிப்பறைக் குழாயைக் காணோம், ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் செருப்பில்லாமல் நடக்கிற இடம் அது. கண்ணாடித் துண்டுகளை நானும் சத்துணவு அம்மாவும்தான் பொறுக்கினோம். இரவுக் காவலரும் கிடையாது. அதனால் சாவி யார் கையில், இரவு பூட்டுவது யார், காலையில் பெருக்குவது யார் என்று பெயர் போட்டு எழுதிக்கொண்டு போங்கள். அப்புறம் எந்தத் தலைமை ஆசிரியரும் மறுக்க யோசிப்பார்.

பதில் 3:
அமெரிக்காவில் ஃபிளின்ட் என்ற கார்த் தொழிற்சாலை ஊரில் 1935-லேயே இதைச் செய்தார்கள். ஃபிராங்க் மேன்லி என்ற உடற்கல்விக்காரர் கேட்க, சார்லஸ் மாட் என்ற தொழிலதிபர் 6,000 டாலர் கொடுத்தார். 5 பள்ளிகளில் பிள்ளைகளின் விளையாட்டாகத் தொடங்கி, பிறகு பெரியவர்களுக்கும் மாலை வகுப்புகள் வந்தன. நம் ஊரிலும் 2021-இல் வந்த இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலர்கள் மாலையில் பாடம் நடத்தினார்களே. உங்கள் ஊரில் அப்படி இருந்தவர்களைத் தேடிப் பிடியுங்கள், பெற்றோருக்கு அவர்கள்மேல் ஏற்கெனவே நம்பிக்கை இருக்கும்.

கேள்வி கேட்டவர்:
சரி, ரொம்ப நன்றி. ஐயா, நீங்கள் சொன்ன பட்டியலை இன்றைக்கே எழுதுகிறேன். பூட்டுகிற வேலைக்கு முதல் பெயர் என்னுடையது. முதலில் வகுப்பறை வேண்டாம், மைதானமும் ஒரு கழிப்பறையும் மட்டும் கேட்கிறோம்.